ஆல்ச்சி முதல் வான்லா வரை: லடாக்கின் பழைய பௌத்தக் கோயில்களில் சுவரோவியம் பார்க்கும் முறை

லே நகரிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் நெடுஞ்சாலை சிந்து நதியை ஒட்டி மேற்கே இறங்குகிறது. அதன் இருபுறத்திலும், பக்கவாட்டுப் பள்ளத்தாக்குகளிலும், 800 ஆண்டுகள் வரை பழைமையான சுவரோவியங்களைக் கொண்ட சிறிய பௌத்தக் கோயில்கள் இருக்கின்றன. ஷாம் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியில் ஆல்ச்சி, மாங்யூ, சஸ்போல், பாஸ்கோ, வான்லா ஆகிய ஊர்களை ஒரு வாரத்திற்குள் நிதானமாகப் பார்த்துவிடலாம். ஆனால் பெரும்பாலான பயணிகள் காலையில் லேயிலிருந்து வாடகைக் காரில் கிளம்பி, நிம்முவில் சிந்துவும் சன்ஸ்கார் ஆறும் கூடும் இடத்தைப் படமெடுத்து, லிகிர், ஆல்ச்சி, லாமாயூரு ஆகிய மூன்று மடாலயங்களையும் தொட்டுவிட்டு இரவுக்குள் திரும்பிவிடுகிறார்கள். என் முதல் பயணமும் அப்படித்தான் அமைந்தது. ஆல்ச்சியின் மூன்றடுக்குக் கோயிலுக்குள் அன்று நான் நின்றது கால் மணி நேரம்கூட இருக்காது. வெளியே வந்தபோது என் நினைவில் எஞ்சியது இருட்டும் ஒரு பெரிய சிலையின் பாதமும் மட்டுமே. குறைவான இடங்களை நீண்ட நேரம் பார்க்க வேண்டும் என்பதையும், பார்க்கும் முன் அந்தச் சுவர் எதனால் ஆனது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் அடுத்தடுத்த பயணங்களில் கற்றுக்கொண்டேன். இந்த வழிகாட்டி அந்த இரண்டையும் அடிப்படையாகக் கொண்டது.

முதலில் சுவரைப் பற்றி

இக்கோயில்களின் சுவர்கள் கல்லாலும் வெயிலில் காயவைத்த மண்கட்டிகளாலும் எழுப்பப்பட்டவை. அவற்றின் உட்புறத்தில் மண்காரையைப் பல அடுக்காகப் பூசி, மேலே மெல்லிய வெண்மையான அடித்தளம் இட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகே ஓவியர்கள் வண்ணம் தீட்டினார்கள். ஈரச் சுண்ணாம்பில் தீட்டும் முறையில், சுண்ணாம்பு இறுகும்போது வண்ணமும் சுவரோடு சேர்ந்து இறுகிக்கொள்ளும். இங்கே அந்தப் பிடிப்பு கிடையாது. அரைத்த தாதுப்பொடிகளை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரம் போன்ற பசையில் குழைத்துத் தீட்டியிருப்பதால், வண்ணம் காய்ந்த மண்ணின்மேல் ஒரு மெல்லிய படலமாக மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பசை நீரில் கரையும். அதன் அடியில் இருக்கும் மண்ணும் நீரில் கரையும். நீங்கள் பார்க்கப்போகும் சிதைவுகளில் பெரும்பாலானவற்றுக்கும், அங்கே கடைப்பிடிக்க வேண்டிய கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்கும் இந்த ஒரு செய்தியே காரணம்.

கூரையும் மண்தான். பாப்ளர் மர உத்தரங்களின்மேல் வில்லோக் குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் புல்லையும் மண்ணையும் பரப்பி, நீர் எளிதில் இறங்காத ஒருவகைக் களிமண்ணை மேலடுக்காக இடுவார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் வறண்ட நாட்டில் இந்தக் கூரை போதுமானது. குளிர்காலத்தில் விழும் பனியை ஊரார் அவ்வப்போது தள்ளிவிட வேண்டும். அதைத் தள்ளாமல் விட்டாலோ, கோடையில் எதிர்பாராத மழை வலுத்துப் பெய்தாலோ, நீர் கூரை மண்ணைக் கரைத்துக்கொண்டு உத்தரத்தின் முனை வழியாகச் சுவரில் இறங்கிவிடும். 2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி லே வட்டாரத்தில் நிகழ்ந்த மேகவெடிப்பு உயிர்களையும் வீடுகளையும் பறித்ததை எல்லோரும் அறிவார்கள். நூற்றாண்டுகளாகத் தாங்கிய மண்கூரைகளையும் ஒரே மழை எந்த அளவு பலவீனப்படுத்திவிடும் என்பதை இப்பகுதியினர் அப்போது நேரில் கண்டார்கள்.

புறப்படும் முன்

மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை செல்வது நல்லது. குளிர்காலத்திலும் லேவுக்கு விமானம் உண்டு என்றாலும், சிற்றூர்க் கோயில்களைத் திறந்துகாட்ட ஆள் கிடைப்பது கடினம். பனியில் ஏறிச் செல்லும் பாதைகளும் பாதுகாப்பானவை அல்ல. தமிழ்நாட்டிலிருந்து வருவோர் பெரும்பாலும் டெல்லி வழியாக விமானத்தில் வருகிறார்கள். கடல்மட்டத்தில் வாழ்ந்து பழகிய உடலை ஒரே காலைப்பொழுதில் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் கொண்டு இறக்குவது எளிய காரியம் அல்ல என்பதால், முதல் இரண்டு நாட்களை ஓய்வுக்கென்றே ஒதுக்குங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை முதல் நாளில் பலருக்கும் வருவதுதான். அவை குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, மூச்சுத்திணறலோ தடுமாற்றமோ தென்பட்டாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதயம், நுரையீரல் தொடர்பான குறைகள் உள்ளவர்கள் பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆல்ச்சி லேயைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வான இடம். லேயில் தூக்கம் பிடிக்காதவர்கள்கூட அங்கே நன்றாக உறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வழியில் உள்ள ஊர்களுக்கு இந்தியக் குடிமக்கள் தனி அனுமதிச்சீட்டு பெற வேண்டியதில்லை. வேறு மாநிலங்களில் வாங்கிய முன்கட்டண சிம் கார்டுகள் லடாக்கில் வேலை செய்யாது. குழுவில் ஒருவரிடமாவது பின்கட்டண இணைப்பு இருக்கட்டும். லேயைத் தாண்டினால் பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப முடியாது. நுழைவுக் கட்டணத்திற்கும் காணிக்கைக்கும் பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியம் பார்ப்பதற்கென்று எடுத்துச்செல்ல வேண்டியவை சிலவே. கோயிலுக்குள் காலணியைக் கழற்றிவிட வேண்டும். ஜூலை மாதத்திலும் மண்தரை சில்லிட்டிருக்கும் என்பதால் தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி வேண்டும். ஒளியைக் குறைத்துக்கொள்ளும் வசதியுள்ள சிறிய எல்.இ.டி. டார்ச் ஒன்று வேண்டும். பலர் யோசிக்காத, ஆனால் நான் மிகவும் வலியுறுத்தும் பொருள், இரண்டு மீட்டர் தொலைவில் உள்ளதையும் கூர்மையாகக் காட்டக்கூடிய சிறிய பைனாகுலர். பறவை பார்ப்போர் வைத்திருக்கும் வகைகளில் இது கிடைக்கும். மேல்வரிசை உருவங்கள் உங்கள் தலைக்கு மேலே மூன்று, நான்கு மீட்டர் உயரத்தில் இருக்கும். வெறுங்கண்ணுக்கு வண்ணத் திட்டாகத் தெரிவது பைனாகுலரில் முகமாகவும் நகையாகவும் ஆடையின் மடிப்பாகவும் விரியும். கடைசியாக, ஒரு குறிப்பேடும் பென்சிலும். ஆல்ச்சியில் கோயில்களின் உள்ளே படமெடுக்கத் தடை இருக்கிறது. கையால் வரைந்த கோணல்மாணலான படம்கூட, எது எங்கே இருந்தது என்பதை உங்கள் நினைவில் நிறுத்திவிடும்.

ஆல்ச்சி: இரண்டு நாள் தங்க வேண்டிய ஊர்

லேயிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில், சஸ்போலைத் தாண்டியதும் பாலம் ஒன்றைக் கடந்து சிந்துவின் தென்கரைக்குப் போனால் ஆல்ச்சி வரும். குன்றின் உச்சியில் கோட்டைபோல் நிற்கும் மற்ற மடாலயங்களுக்கு மாறாக, இது ஆற்றங்கரைச் சமதளத்தில் ஆப்ரிகாட் மரத் தோப்புகளுக்கு நடுவே அமைந்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளராகவும் கோயில்கள் பலவற்றை எழுப்பியவராகவும் போற்றப்படும் ரின்சென் சாங்போ (958–1055) இதைக் கட்டியதாக மரபு சொல்கிறது. கல்வெட்டு போலச் சுவரில் எழுதப்பட்டுள்ள வாசகங்களோ, டூகாங் என்னும் கூட்ட மண்டபத்தைக் கல்தன் ஷெரப் என்பவரும், சும்ட்செக் என்னும் மூன்றடுக்குக் கோயிலை ட்சுல்ட்ரிம் ஓ என்பவரும் எழுப்பியதாகக் குறிக்கின்றன. சும்ட்செக்கின் மேல்தளத்தில் உள்ள குரு பரம்பரை ஓவியத்தில் திபெத்திய பௌத்தத்தின் திரிகுங் மரபைத் தொடங்கிய ஜிக்தென் கோன்போவும் (1143–1217) இடம்பெற்றிருப்பதால், அந்தக் கோயிலை 1200ஐ ஒட்டியோ அதற்குச் சற்றுப் பின்னரோ எழுந்ததாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இன்று ஆல்ச்சியைப் பராமரிப்பவர்கள் லிகிர் மடாலயத்து லாமாக்கள்.

காலையில் திறந்தவுடன் செல்லுங்கள். மதிய உணவு வேளையில் கோயில்களைப் பூட்டிவிடுவது வழக்கம். லேயிலிருந்து புறப்பட்ட கார்கள் வந்துசேர முற்பகல் ஆகிவிடும் என்பதால், ஊரிலேயே இரவு தங்கியவர்களுக்கு முதல் ஒன்றரை மணி நேரம் ஏறத்தாழத் தனிமையில் கிடைக்கும். ஆல்ச்சியில் தங்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

முதுகுப்பையைக் காலணியோடு வெளியே வைத்துவிடுங்கள். சும்ட்செக்கின் தரைத்தளம் மிகச் சிறியது. பையோடு திரும்பும் ஒருவருக்குத் தன் முதுகுக்குப் பின்னால் அரை அடி நீண்டிருப்பது நினைவில் இருப்பதில்லை. இடுப்பிலிருந்து தோள் வரையான உயரத்தில், வாசலுக்கு அருகிலும் குறுகிய மூலைகளிலும் வண்ணம் தேய்ந்து மண் தெரியும் இடங்களைக் கவனித்தால், அது மழையின் வேலை அல்ல, மனிதர்களின் தோளும் பையும் செய்த வேலை என்பது புரியும். மழையில் நனைந்த மேலாடையையும் வெளியிலேயே விட்டுவிட வேண்டும்.

உள்ளே போனதும் ஓவியத்தைத் தேடாதீர்கள். வாசலுக்கு ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, பத்து நிமிடம் கண்ணை மூடியோ தரையைப் பார்த்தோ இருங்கள். லடாக்கின் வெயிலில் நடந்துவந்த கண் இருளுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். முழுமையாகப் பழக அரைமணி நேரம் ஆகும். இந்தக் காத்திருப்புக்குப் பின் டார்ச்சின் தேவை பாதியாகக் குறைந்துவிடும். டார்ச்சைப் பயன்படுத்தும்போது பராமரிக்கும் லாமாவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, குறைந்த ஒளியில், சுவருக்கு நேராகக் காட்டாமல் பக்கவாட்டிலிருந்து சாய்த்துக் காட்டினால், உதிரும் வண்ணத்தின் விளிம்பும் சுவரின் மேடுபள்ளமும் தூரிகைக் கோட்டின் தடிமனும் தெளிவாகத் தெரியும். ஒரே இடத்தில் நீண்ட நேரம் ஒளியை நிறுத்தாதீர்கள். ஓவியங்களைச் சுற்றி வலமாகவே நகர வேண்டும்.

சும்ட்செக்கில் மூன்று சுவர்களிலும் மாடங்கள் இருக்கின்றன. வாசலை நோக்கியிருக்கும் நடுமாடத்தில் வருங்காலப் புத்தரான மைத்ரேயரும், உங்களுக்கு இடப்புறம் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரும், வலப்புறம் ஞானத்தின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீயும் சுதைச் சிற்பங்களாக நிற்கிறார்கள். ஏறத்தாழ நான்கு மீட்டரோ அதற்கு மேலோ உயரம் கொண்ட இவர்களின் தலை இரண்டாம் தளத்திற்குள் சென்று மறைந்துவிடும். மேல்தளங்களுக்குப் பயணிகளை இப்போது விடுவதில்லை. எனவே தரையில் நிற்பவருக்குக் கண்மட்டத்தில் கிடைப்பது அவர்களின் வேட்டிகளே, அவையோ ஆல்ச்சியின் மிகப்பெரும் செல்வம். அவலோகிதேசுவரரின் வேட்டியில் கோயில்களும் மாளிகைகளும் குதிரை வீரர்களும் தீட்டப்பட்டிருக்கிறார்கள்; அக்காலக் காஷ்மீரத்தின் கட்டடங்கள் எப்படி இருந்தன என்பதை ஊகிக்க உதவும் அரிய சான்றாக அவை மதிக்கப்படுகின்றன. மைத்ரேயரின் வேட்டியில் வட்டங்களுக்குள் புத்தரின் வாழ்க்கை நிகழ்ச்சிகள் விரிகின்றன. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 மகாசித்தர்கள் இருக்கிறார்கள். தமிழ் வாசகர் இந்த மூன்றாவது வேட்டிக்கு முன்னால் சற்றுக் கூடுதலாக நிற்கலாம். நம் சித்தர் பட்டியல்களில் வரும் கோரக்கரும் மச்சமுனியும் வட இந்தியாவிலும் திபெத்திலும் வழங்கும் 84 சித்தர் மரபோடு தொடர்புடைய பெயர்கள். இரு மரபுகளும் ஒரு பொது நினைவைத் தத்தம் வழியில் போற்றி வந்திருக்கின்றன.

அவலோகிதேசுவரரின் மாடத்தில், சிலையின் பக்கவாட்டுச் சுவரைப் பைனாகுலரால் தேடினால் பச்சை நிறத் தேவி ஒருவரைக் காண்பீர்கள். பச்சைத் தாரை என்று பெரும்பாலும் சொல்லப்படும் இவரை ஞானத்தின் தேவியான பிரஞ்ஞாபாரமிதை என்று கொள்ளும் ஆய்வாளர்களும் உண்டு. மேலாடையின் ஒளி ஊடுருவும் மென்மை, விரல்களின் வளைவு, உடலில் படிப்படியாக இருளும் பச்சை ஆகியவற்றைத் தீட்டிய கை காஷ்மீரப் பயிற்சி பெற்ற கை என்பதில் கருத்து வேறுபாடு அதிகம் இல்லை. மூக்கு, கண் இமை ஆகியவற்றின் கோடுகள் தலைமுடி அளவுக்கு மெல்லியவை. பிற்காலத்தில் பழுதுபார்த்துத் தீட்டிய பகுதிகளில் வண்ணம் தட்டையாகவும் கோடு தடித்தும் இருக்கும். 16ஆம் நூற்றாண்டில் இங்கே புதுப்பிப்பு வேலை நடந்திருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஒப்பிட்டுப் பழகினால், பிற கோயில்களில் எது மூலம், எது மறுபூச்சு என்பதை யாரும் சொல்லாமலே கண்டுகொள்வீர்கள்.

டூகாங் இன்னும் இருட்டானது. இங்குள்ள சுவர்களைப் பெரிய மண்டலங்கள், அதாவது நடுவில் ஒருவரையும் சுற்றிலும் திசைவாரியாக மற்றவர்களையும் அமைத்த வட்டமும் சதுரமுமான தெய்வ வரைபடங்கள், நிறைத்திருக்கின்றன. மண்டலங்களை முதன்முறை பார்ப்பவர் எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறது என்று சோர்ந்துவிடக்கூடும் என்பதால், ஐந்து புத்தர்களின் நிறங்களை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டு வாருங்கள். வெண்மை வைரோசனர், நீலம் அட்சோபியர், மஞ்சள் இரத்தினசம்பவர், சிவப்பு அமிதாபர், பச்சை அமோகசித்தி. வைரோசனர் நடுவில் இருக்கும் மண்டலத்தில் மற்ற நால்வரும் முறையே கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்குத் திசைகளில் அமைவார்கள். ஓவியத்தில் கிழக்கு பெரும்பாலும் கீழ்ப்புறமாக வரும். நடுவில் எந்த நிறம் இருக்கிறது என்று பார்த்து, அங்கிருந்து கீழே இறங்கி வலமாகச் சுற்றினால், பூச்சு உதிர்ந்துபோன ஓர் உருவம் யாருடையதாக இருந்திருக்கும் என்பதைக்கூட அதன் இடத்தைக்கொண்டே சொல்லிவிடலாம். அழிந்துபோன ஒன்றைக் கணக்கிட்டுக் கண்டறியும்போது கிடைக்கும் மகிழ்ச்சி தனியானது. வாசலுக்கு அருகில் அரச இணை ஒன்று கிண்ணம் ஏந்தி அமர்ந்திருக்கும் காட்சியையும் தேடிப் பாருங்கள். கரை வேலைப்பாடு கொண்ட அங்கிகளும் தலைப்பாகைகளும் அக்கால உடைகளைப் பற்றிய நேரடிச் செய்தியைத் தருகின்றன.

மற்ற மூன்று கோயில்களில், மஞ்சுஸ்ரீ கோயிலும் லோட்சாவா கோயிலும் அடுத்தடுத்து ஒட்டி நிற்கின்றன. மூன்றாவதான லாக்காங் சோமா சில வேளைகளில் பூட்டியிருக்கும். லாமாவிடம் பணிவாகக் கேட்டால் திறக்கக்கூடும். வளாகத்திற்குள் வரும் வழியில் உள்ள பெரிய சோர்ட்டனை, அதாவது ஸ்தூபியை, பலரும் நிமிர்ந்து பார்க்காமலே கடந்துவிடுகிறார்கள். அதன் உள்ளே நின்று மேலே பார்த்தால், சதுரங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கிய மரக்கூரையின் கீழே வண்ணம் தீட்டிய இன்னொரு சிறு ஸ்தூபி இருப்பதைக் காணலாம்.

முதல் நாள் காலை பார்த்ததை மதியம் அறைக்குப் போய் எழுதி வையுங்கள். எழுதும்போதுதான் எதைக் கவனிக்கத் தவறினோம் என்பது தெரியும். அந்தக் கேள்விகளோடு மறுநாள் மீண்டும் உள்ளே போங்கள். இரண்டாவது முறைதான் நான் எப்போதும் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சிதைவைப் படித்தல்

கூரையின் விளிம்பிலிருந்து செங்குத்தாக இறங்கும் வெளிர்பழுப்புப் பட்டைகள் கூரை மண் வழிந்த தடங்கள். அதன் அடியில் ஓவியம் கரைந்திருக்கவும் கூடும், சில இடங்களில் மண்படலத்தின் கீழே பத்திரமாக இருக்கவும் கூடும். அதனால்தான் அதை யாரும் துடைக்கக் கூடாது. உத்தரத்தின் முனை சுவரில் அமரும் இடத்திலிருந்து கிளம்பும் சாய்ந்த விரிசல், பாரம் ஒருபக்கமாக இறங்கியதைக் காட்டும். வண்ணம் முழுமையாக இருந்தும் சுவர் வயிறுபோல் புடைத்திருந்தால், அங்கே மண்காரை சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது என்று பொருள். விரலால் தட்டிப் பார்க்கும் ஆசை வரக்கூடும், ஒரு தட்டே அதை விழச்செய்யப் போதுமானது. மேல்வரிசைகள் கறுத்திருப்பது வெண்ணெய் விளக்குகளின் கரிப்படலம். ஆல்ச்சியில் வழிபாடு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குறைந்துபோனதும், அதனால் விளக்குப்புகை மிகாமல் இருந்ததும், இங்குள்ள வண்ணங்கள் தப்பியதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

உருவம் ஏதும் இல்லாமல், மண் நிறத்தில் சமமாக நிரப்பிய திட்டுகளையும் பார்ப்பீர்கள். அவை பாதுகாப்பு வல்லுநர்கள் விளிம்புகள் மேலும் உதிராமல் இருக்கச் செய்த அடைப்புகள். இல்லாததை ஊகித்து வரையாமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த அடக்கம் மிகவும் பிடிக்கும். ஆனால் ஊரில் உள்ள முதியவர் ஒருவர், முகம் அழிந்த புத்தரை அப்படியே விட்டு வைப்பது எப்படி மரியாதையாகும் என்று என்னிடம் கேட்டபோது எனக்கு உடனே பதில் கிடைக்கவில்லை. வழிபடுபவர்களுக்கு அந்தச் சுவர் பழம்பொருள் அல்ல. புதுப்பிப்பது அவர்களுக்குப் புண்ணியம். உங்கள் கருத்து எதுவாக இருந்தாலும், புதுவண்ணம் பூசிய ஒரு கோயிலைப் பார்த்து அந்த ஊராரிடம் முகம் சுளிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். மங்கிய ஓவியத்தை ஈரத்துணியால் தொட்டால் வண்ணம் ஒரு கணம் பளிச்சிடும். அதைச் செய்துகாட்ட யாராவது முன்வந்தால், அவர் வழிகாட்டியாக இருந்தாலும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அந்தப் பளிச்சிடலுக்கு விலை, கரைந்து துணியோடு போய்விடும் பசை. உங்கள் மூச்சிலும் ஈரம் இருக்கிறது என்பதால், ஒரு முழம் தள்ளியே நில்லுங்கள். சிறிய கோயிலுக்குள் ஐந்தாறு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் நுழையாமல், முறைவைத்துச் செல்லுங்கள். விளக்கேற்றவோ ஊதுபத்தி கொளுத்தவோ விரும்பினால், அதற்கான காணிக்கையை லாமாவிடம் கொடுத்துவிடுங்கள்; எங்கே ஏற்ற வேண்டும் என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

மற்ற ஊர்கள்

லேயிலிருந்து ஆல்ச்சிக்குப் போகும் வழியிலேயே, ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், பாஸ்கோ இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திபெத்திய, மங்கோலியப் படைகளின் முற்றுகையை மூன்று ஆண்டுகள் தாங்கிய கோட்டை இது. அரித்துக்கொண்டே இருக்கும் மண்குன்றின்மேல் நிற்கும் இதன் மைத்ரேயர் கோயில்களை ஊரார் தாங்களே முன்னின்று காப்பாற்றியதற்காக 2007இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைத்தது. ஓவியங்கள் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆல்ச்சியின் நுண்மை இங்கே இல்லை, அதற்குப் பதிலாகப் பெரிய உருவங்களின் கம்பீரம் இருக்கிறது. பாஸ்கோவை முதலில் பார்ப்பதைவிட ஆல்ச்சியிலிருந்து திரும்பும்போது பார்ப்பதே நல்லது என்பது என் எண்ணம். முந்நூறு ஆண்டுகளில் கோடும் நிறமும் எப்படி மாறின என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

சிந்துவின் தெற்கே பக்கப் பள்ளத்தாக்கில் உள்ள மாங்யூ, ஆல்ச்சியின் காலத்தை ஒட்டிய கோயில்களைக் கொண்ட சிற்றூர். வருவோர் மிகக் குறைவு. இங்கே போய்ச் சேர்வதைவிடச் சாவியைக் கண்டுபிடிப்பதே பெரிய வேலை. கோயில் சாவி ஊரில் ஒருவரிடம் இருக்கும். அவர் வயலில் நீர் பாய்ச்சிக்கொண்டிருக்கலாம், லேவுக்குப் போயிருக்கலாம். முதலில் கண்ணில் படுபவரிடம் ‘ஜூலே’ என்று வணக்கம் சொல்லி, கோயிலைப் பார்க்க வந்திருப்பதைத் தெரிவித்துவிட்டு, பொறுமையாக உட்கார்ந்திருங்கள். தேநீர் வரும். சாவியும் பெரும்பாலும் வந்துவிடும். அவர் தன் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதை மனத்தில் வைத்துக் காணிக்கையைத் தாராளமாகக் கொடுங்கள். அந்தப் பணத்தில்தான் கூரைக்கு மண் வாங்குகிறார்கள்.

லாமாயூருவிலிருந்து தெற்கே பிரியும் பள்ளத்தாக்கில் உள்ள வான்லாவின் கோயில், 1300ஐ ஒட்டி எழுந்தது. சும்ட்செக்கைப் போலவே மூன்று மாடங்கள் கொண்ட அமைப்பில், நடுவே பதினொரு தலை அவலோகிதேசுவரர் நிற்கிறார். ஆல்ச்சியை நன்றாகப் பார்த்தவர் இங்கே வந்தால், அதே கட்டட எண்ணம் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, காஷ்மீரக் கை விலகித் திபெத்தியக் கை வலுத்த நிலையில், எப்படி மறுபிறவி எடுத்தது என்பதைப் பார்க்கலாம். ஆல்ச்சியைப் பார்க்காமல் வான்லாவுக்குப் போவதில் பயன் குறைவு.

சஸ்போல் குகைகளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஊருக்கு மேலே, சரிந்த மண்பாதையில் கால் மணி நேரம் ஏறினால், குன்றின் முகத்தில் குடைந்த சிறு அறைகள் வரும். நல்ல பிடிமானமுள்ள காலணி வேண்டும். கைத்தடி இருந்தால் இறங்கும்போது உதவும். ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓவியங்கள் ஒரு குகையின் சுவர் முழுவதையும் சிறுசிறு சதுரங்களாக நிறைத்திருக்கின்றன. நான்கு பேர் நின்றால் நிறைந்துவிடும் அறை அது. மண்பூச்சு உதிர்ந்த இடங்களில் கூழாங்கல் நிறைந்த குன்றின் உடலே வெளியே தெரிகிறது. ஆல்ச்சியில் ஒரு மீட்டர் தள்ளிப் பார்த்தவை இங்கே உங்கள் மூச்சுக்கு எட்டும் தொலைவில் இருப்பதால், பேச்சைக் குறைத்து, ஒருவர் பின் ஒருவராக நுழைந்து, சில நிமிடங்களில் வெளியே வந்து அடுத்தவருக்கு இடம் விடுங்கள். காவலர் எவரும் பெரும்பாலும் இருக்க மாட்டார். வெளியே வரும்போது மரக்கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் முழுமையாக விழுந்ததா என்று கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அடுத்த பயணி வர நாளாகலாம். காற்று அதற்குள் மண்ணைக் கொண்டுவந்துவிடும்.